0.50-இல் நின்ற முள்: வாட்டர் கூலிங் செலவுக் கணக்கு

என் கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க நானே பொருத்தும் குழாய்ச் சுற்றில் (லூப்) கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் காற்றேற்றி வைத்திருக்கிறேன். நேற்று இரவு பத்தே காலுக்கு அழுத்தமானியின் முள் 0.50 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) இருந்தது. இன்று காலை ஆறு மணிக்கும் அது அதே கோட்டை ஒட்டியே நிற்கிறது. இந்த ஒரு முள்ளை அசையாமல் நிற்க வைப்பதற்கு எனக்கு மூன்று வார இறுதிகள் தேவைப்பட்டன. லூப்பில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்றவில்லை என்றாலும், பாகங்களைத் தேர்ந்தெடுத்த கணக்கையும், அதில் நான் எங்கே தவறினேன் என்பதையும் சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிட விரும்புகிறேன்.

குளிர்விக்க வேண்டியவை இரண்டு. ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர் தொழிற்சாலை அமைப்பில் 142 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு 320 வாட். இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் 462 வாட் வெப்பம் தண்ணீருக்குள் இறங்கும். விசிறிகளை நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்றுக்குள் அடக்கி வைத்தால் தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரின் 120 மி.மீ. பகுதி (ஒரு விசிறியின் அகலம்) ஒன்றுக்கு 75 முதல் 100 வாட் வரை கொடுக்கலாம் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. சென்னையில் மே மாதத்தில் ஏசி போடாத என் அறை 34 டிகிரியில் இருக்கும்; தண்ணீர் எவ்வளவு சுற்றினாலும் அறையைவிடக் குளிராது. ஆகவே தண்ணீரை அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் ஏறவிடக் கூடாது என்று முடிவு செய்து, மூன்று விசிறி நீளமுள்ள 360 ரேடியேட்டர்கள் இரண்டை எடுத்தேன். முன்பக்கத்துக்கு 45 மி.மீ. தடிமனுள்ள ஆல்பாகூல் எக்ஸ்டி45, மேல்பக்கத்துக்கு 30 மி.மீ. தடிமனுள்ள எஸ்டி30. ஆறு பகுதிகளுக்கு 462 வாட்டைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 77 வாட்தான் வருகிறது.

பம்ப் விஷயத்தில் டி5 வகை ஒன்று போதும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீர் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வாங்கினால் ஒரு டிகிரி சூடாகும். எனவே மூன்று லிட்டர் ஓடினாலே 462 வாட்டுக்கும் லூப்பின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சுமார் 2.2 டிகிரி வித்தியாசம்தான் இருக்கும். இரண்டாவது பம்ப் வாங்கி ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் அதில் ஒரு டிகிரிதான் மிச்சமாகும். அந்தப் பணத்தை ரேடியேட்டரில் போடுவதே மேல்.

உலோகத்தில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாராக இல்லை. செம்பு ரேடியேட்டர், நிக்கல் பூசிய செம்பு பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்), பித்தளை ஃபிட்டிங் (டியூப்பை இணைக்கும் முனை) ஆகியவற்றுக்கு நடுவே விலை மலிவாகக் கிடைக்கிறது என்று ஓர் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், அரிப்பு முதலில் அந்த அலுமினியத்தைத்தான் தின்னும்.

வாங்கிய விலைகளைச் சொல்லிவிடுகிறேன். பிராசசர் பிளாக் 7,200 ரூபாய். பின்தகட்டுடன் கிராபிக்ஸ் கார்டு பிளாக் 14,500. டி5 பம்பும் தொட்டியும் சேர்ந்தது 13,800. முன் ரேடியேட்டர் 8,600. மேல் ரேடியேட்டர் 7,400. ஆறு ஆர்க்டிக் பி12 விசிறிகள் 4,100. 10/16 அளவுள்ள (உள்ளே 10, வெளியே 16 மி.மீ. விட்டம்) கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப் மூன்று மீட்டர் 1,900. மொத்தம் 57,500. என் வரம்பு 65,000. ஃபிட்டிங்குகளுக்கு "சில்லறைச் சாமான்" என்று தலைப்புப் போட்டு 5,000 ஒதுக்கியிருந்தேன். கணக்குப் புத்தகத்தில் நான் எழுதிய தவறான வரி அது ஒன்றுதான்.

லூப்பைத் தாளில் வரைந்து ஃபிட்டிங்குகளை எண்ணியபோதுதான் நிலவரம் தெரிந்தது. தொட்டி, கார்டு, முன் ரேடியேட்டர், பிராசசர், மேல் ரேடியேட்டர் என்று ஐந்து பாகங்கள். அவற்றை இணைக்க ஐந்து டியூப்கள். ஆகவே பத்து முனைகள். தண்ணீரை வடிக்க நடுவில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) வைத்தால் மேலும் இரண்டு. டியூப்பை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்குகள் பன்னிரண்டு, ஒன்று 620 வீதம் 7,440. சுழலும் எல்போ (வளைவு இணைப்பு) நான்கு, ஒன்று 780 வீதம் 3,120. பால் வால்வு 1,150, டீ 650, எண்ட் பிளக் (துளையை அடைக்கும் மூடி) மூன்றுக்கு 750. கூட்டினால் 13,110 ரூபாய். கிராபிக்ஸ் கார்டு பிளாக்கின் விலைக்கு 1,390தான் குறைவு. மொத்தம் 70,610 ஆகி வரம்பைத் தாண்டிவிட்டது.

எதையாவது குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில், பெயர் அச்சிடாத எல்போக்கள் ஒன்று 290 ரூபாய்க்குக் கிடைத்ததைப் பார்த்து நான்கையும் அங்கேயே வாங்கினேன். மிச்சமானது 1,960 ரூபாய். விற்றவர் அவற்றை "அதே தரம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். கையில் எடுத்து ஆட்டியபோது சுழலும் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஆட்டம் இருந்ததை அன்றே நான் பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

அழுத்தச் சோதனைக் கருவியையும் பட்டியலிலிருந்து நீக்க நினைத்து, கடைசி நேரத்தில் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இந்த முழுப் பட்டியலிலும் நான் செய்த நல்ல செலவு இதுதான். தண்ணீருக்குப் பதில் காற்றை 0.5 பார் வரை ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் முள் இறங்கினாலே கசிவு என்று சொல்லிவிட முடியாது. முதல் சில நிமிடங்களில் ரப்பர் டியூப் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் முள் சற்று இறங்கும், மறுபடி 0.50-க்கு ஏற்றிவிட்டுத்தான் நேரத்தைக் குறிக்க வேண்டும். முதல் சோதனையில் அப்படி ஏற்றி வைத்தும் ஒரு மணி நேரத்தில் 0.41-க்கு இறங்கியது. பதறிப்போய்ப் பன்னிரண்டு ஃபிட்டிங்குகளையும் மறுபடி இறுக்கினேன், மாற்றமில்லை.

பிறகுதான் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏசியைப் போட்டது நினைவுக்கு வந்தது. அறை 33 டிகிரியிலிருந்து 25-க்கு வந்திருந்தது. லூப்புக்குள் இருப்பது அடைபட்ட காற்று. அளவியில் 0.50 என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து உள்ளே 1.5 பார் இருக்கிறது; 306 கெல்வினில் எட்டு டிகிரி குறைந்தால் அதில் 2.6 சதவீதம், அதாவது 0.04 பார் தானாகவே இறங்கிவிடும். ஆகவே 0.09-இல் 0.04 குளிரின் கணக்கு, மீதி 0.05 உண்மையான கசிவு. அடுத்த முறை ஏசியை 27-இல் ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டு, அறை நிலைத்த பிறகு சோதித்தபோதும் சரியாக அந்த 0.05 தான் இறங்கியது.

கசியும் இடத்தைப் பிடிக்க லூப்பை இரண்டாகப் பிரித்து, முனைகளை எண்ட் பிளக்கால் அடைத்து, ஒவ்வொரு பாதியாகக் காற்றேற்றினேன். தொட்டியும் கார்டும் இருந்த பாதி அசையவில்லை. ரேடியேட்டர்கள் இருந்த பாதியை மறுபடி பிரித்ததில் சந்தேகம் எல்போக்களின் மீது வந்து நின்றது. ஒன்றைக் கழற்றிச் சோதனைக் கருவியில் மாட்டி, மறுமுனையில் ஒரு சாண் டியூப்பைப் பொருத்தி அடைத்து, குளியலறை மக்கில் தண்ணீர் நிரப்பி அதற்குள் அமிழ்த்தினேன். நேராகப் பிடித்தபோது ஒன்றுமில்லை. டியூப்பைப் பக்கவாட்டில் லேசாக வளைத்ததும் கழுத்தைச் சுற்றி கடுகளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கையை விட்டதும் நின்றன. நான்கில் மூன்று இப்படியே. உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கழுத்தை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்த வேண்டும். கழுத்தில் ஆட்டம் இருந்தால் டியூப் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இடைவெளி விடுகிறது. கணினிக்குள் பொருத்திய டியூப் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

பழக்கமான பிளம்பர் அண்ணன் ஒருவர் டெஃப்லான் டேப் சுற்றிப் பார்க்கச் சொன்னார். வீட்டுக் குழாயில் அது சரி. நம்முடைய ஃபிட்டிங்குகளில் இருக்கும் ஜி1/4 மரை நேர் மரை. அடைப்பது மரையல்ல, ஓ-ரிங். டேப் சுற்றினால் ஃபிட்டிங் முழுதாக உட்காராமல் ஓ-ரிங்கின் வேலையும் கெடும். மாற்று ஓ-ரிங் தேடி மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஏறி இறங்கினேன். நான் கேட்ட கடைகளில் விசிறியும் கேபினட்டும்தான் இருந்தன. பாரிமுனையில் ஆயில் சீல் விற்கும் ஒரு கடையில் அதே அளவில் ஈபிடிஎம் ஓ-ரிங் கிடைத்தது. கடைக்காரர் மாதிரியை விரலால் உருட்டிப் பார்த்தே அளவைச் சொன்னார். இருபது வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் எல்போவின் கழுத்து ஆட்டத்தை எந்த ஓ-ரிங்காலும் சரிசெய்ய முடியவில்லை.

கடைசியில் தீர்வு தாளில்தான் கிடைத்தது. முன் ரேடியேட்டரின் துளைகள் மேலே இருந்ததால், அங்கே மேல் ரேடியேட்டர் இடித்து, எல்போ இல்லாமல் டியூப்பைத் திருப்ப இடமில்லை. ரேடியேட்டரைத் தலைகீழாக்கித் துளைகளைக் கீழே கொண்டுவந்ததும், அவை தொட்டிக்கும் கார்டுக்கும் பக்கத்தில் வந்துவிட்டன. ஈபிடிஎம் டியூப் அந்தத் தூரத்தில் மடங்காமல் ஒரே வளைவில் போகிறது. நான்கு எல்போ இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டையும் 780 விலையிலேயே வாங்கி மாட்டினேன். முதலிலேயே இப்படி வரைந்திருந்தால் எல்போவுக்கு 1,560 ரூபாய்தான் ஆகியிருக்கும். இப்போது மலிவு எல்போக்களுக்குக் கொடுத்த 1,160-ஐயும் சேர்த்து 2,720 ஆகியிருக்கிறது. துளைகள் கீழே இருப்பதால் ரேடியேட்டரின் உச்சியில் காற்று தங்கும்; நிரப்பும்போது கேபினட்டைச் சாய்த்துச் சாய்த்து அதை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

அடுத்ததாக ஒரு நீர் வெப்பநிலை உணரியை எண்ட் பிளக் ஒன்றின் இடத்தில் வைத்து, விசிறிகளைப் பிராசசரின் சூட்டுக்குப் பதிலாகத் தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஓடவைக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கான விலையை இப்போதே தனி வரியாக எழுதி வைத்துவிட்டேன். கார்டு பிளாக்கின் தெர்மல் பேடுகளில் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டுகள்) 1 மி.மீ. தடிமனுள்ளவை மெமரியின் மீது சரியாக அழுந்துகின்றனவா என்பதை நிரப்புவதற்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர்களைச் சூடான டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை அலசியாகிவிட்டது. மூன்றாவது முறை வெள்ளைத் துணியில் வடித்ததில் துகள் எதுவும் இல்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்று மேசைக்கு அடியில் இருக்கிறது. பாசி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்து வியாழக்கிழமை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் ஊற்றுவேன்.