காரைக்குடி ஆய்வகத்தில் அலையாத்திச் சேறு

காரைக்குடியில் நான் பணிபுரியும் ஆய்வகத்துக்குக் காரங்காடு முதலான பாக் நீரிணைக் கரையோர அலையாத்திக் காடுகளிலிருந்து சேற்று மாதிரிகள் குழாய்களில் வந்து சேரும். குழாயைத் திறந்ததும் எழும் அழுகிய முட்டை நாற்றம், உள்ளே ஆக்சிஜன் இல்லை, மட்குவது மிக மெதுவாகவே நடக்கிறது என்பதற்கு அடையாளம். அடிப்பகுதியை நறுக்கும்போது, எப்போதோ மடிந்த வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் வேர் இன்னும் நார்நாராகக் கத்தியில் சிக்குவதுண்டு. சேற்றில் கலந்திருக்கும் சிப்பித் தூளை அமிலத்தால் கரைத்து நீக்கி, சேற்றை உலர்த்தி எடைபோட்டபின், மட்காமல் அதில் தங்கியிருக்கும் கரிமத்தைக் கணக்கிடுகிறோம்.

இந்தோ-பசிபிக் அலையாத்திக் காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வு, ஒரு ஹெக்டேரில் சராசரியாக 1,023 டன் கரிமம் இருப்பதாகவும், பெரும்பங்கு மண்ணுக்குள் கிடப்பதாகவும் காட்டியது. வறண்ட ராமநாதபுரக் கரையின் குட்டை மரங்களுக்கு அந்தச் சராசரியை அப்படியே பொருத்தக் கூடாது.

கடல் மெல்ல உயர்ந்தால், வண்டல் படியவும் வேர்கள் புதையவும் மேலே புதிதாக இடம் கிடைப்பதால், காட்டின் தரையும் கூடவே உயர்ந்து கரிமச் சேமிப்பு அதிகரிக்கவும் செய்யும். வேகம் மிஞ்சும்போதுதான் ஆபத்து. 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. கடந்த 10,000 ஆண்டுகளின் படிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, அந்த வேகம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் அலையாத்திகளால் ஈடுகொடுக்க இயலாது என்று மதிப்பிட்டது. அப்போது மூச்சுவேர்கள் மூழ்கி மரங்கள் பட்டுப்போகும். பிடிமானமிழந்த சேற்றை அலை அரிக்க, நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த கரிமம் கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்கும்.

ஈடுகொடுக்க வண்டல் வேண்டும். மணிமுத்தாறு போன்ற செட்டிநாட்டு ஆறுகளில் மழைக்காலத்தில் மட்டுமே தண்ணீர் ஓடுகிறது. அது கொண்டுவரும் வண்டலில் கணிசமான பங்கு வழியிலுள்ள கண்மாய்களிலேயே தங்கிவிடுகிறது. கண்மாயை நம்பி வாழும் இந்தச் சீமையில் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எனவே காட்டுக்கு எஞ்சியிருக்கும் வழி, கடல் ஏற ஏற நிலப்பக்கமாக நகர்வது. உப்பளக் கரையோ இறால் பண்ணை வரப்போ காட்டை ஒட்டி எழுந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். எத்தனை கன்றுகள் நட்டோம் என்பதைவிட, பின்னால் எவ்வளவு தரை வரப்பின்றிக் கிடக்கிறது என்ற கணக்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாதிரி எடுக்கப் போகிறவர்களிடம், காட்டின் நிலப்பக்க ஓரத்தில் இருப்பது உவர்த்தரையா, சீமைக்கருவேலமா, வரப்பா என்பதையும் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன்.