கால் சுற்று

பெப்ரவரி 2
பழுதான டிவிடி பிளேயரைப் பிரித்தேன். லேசர் வரும் வாயில் ஒரு லென்ஸ், உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது. தங்கச்சி விட்டுப் போன கொண்டை ஊசியில் செருகி, போன் கெமராவின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். அம்மாவின் சேலை நூல் தேர்வடம் மாதிரித் தெரிந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் அம்மாவோடு தங்கச்சி. அங்கிருந்து ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 3
கை நடுங்குகிறது. பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இடம். மூச்சு விட்டாலே போய்விடுகிறது. எண்பது படம், எண்பதும் புகை.

பெப்ரவரி 4
சுதந்திர தினம். ஹட்டனில் ஹார்ட்வெயார் பூட்டு. ரிப்போர்ட் கொடுக்கிற இடமும் பூட்டாகத்தான் இருக்கும். இன்றைக்கு போன் வராது. பகலிலேயே தூங்கினேன்.

பெப்ரவரி 5
ஆறு மில்லிமீட்டர் போல்ட் மூன்று, நட், வோஷர். பலகை தேயிலைப் பெட்டியிலிருந்து. இரண்டு சிடி மூடியில் சூடான ஆணியால் ஓட்டை போட்டேன். காம்பரா அறை முழுக்க பிளாஸ்டிக் நாற்றம், அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டார். மேல் தட்டில் லென்ஸும் போனும். கீழ்த் தட்டில் இலை. நட்டைத் திருகினால் இலை மேலே வரும். இந்த போல்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். மூன்று நட்டையும் ஒரே அளவு திருக வேண்டும், இல்லாவிட்டால் தட்டு சாயும். போனைத் தொடாமல் டைமர் வைத்து எடுக்கிறேன். இனி கை நடுங்கினால் என்ன?

பெப்ரவரி 6
தங்கச்சி பேசினாள். "அம்மா சாப்பிட்டா." வேறொன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பெப்ரவரி 7
மழை இல்லை. மேல்மலையில் முற்றின இலையெல்லாம் செம்பு நிறம். ஒன்றைக் கிள்ளி வந்து தட்டில் வைத்தேன். கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. சட்டென்று எட்டுக் கால் தெரிந்தது. சிவப்புச் சிலந்தி, உயிரோடு, இலை நரம்பைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் முட்டைகள், சிவப்பு மணி போல. கால் தெளிவானால் முதுகு மங்குகிறது, முதுகைப் பிடித்தால் கால் காணோம். இரண்டும் ஒன்றாக வரவே வராது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பொட்டுக்குத்தான் சல்பர் அடிச்சமா?"

பெப்ரவரி 8
போன் அதிர்ந்தது. தட்டிலேயே நகர்ந்து லென்ஸை விட்டு விலகிவிட்டது. பாய்ந்து எடுத்தேன். ரீலோட் ஓஃபராம். நாசமாய்ப் போக.

பெப்ரவரி 9
இரவு பனி. லென்ஸில் ஈரம் கோர்த்துக்கொள்கிறது. அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 10
வெளிச்சம்தான் முக்கியம். டோர்ச்சை நேரே அடித்தால் எல்லாம் வெள்ளைக் கட்டி. ஷொப்பிங் பேக்கை இரண்டாக மடித்து முன்னால் பிடித்து, பக்கவாட்டில் அடித்தால் விரியாத கொழுந்தின் முடி ஒவ்வொன்றும் வெள்ளியாக நிற்கிறது. 1670களில் லேவன்ஹூக் என்ற டச்சுத் துணி வியாபாரி இப்படித்தான் ஒற்றைச் சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு குளத்துத் தண்ணீரில் உயிர்களைப் பார்த்தார். அவர் லென்ஸைத் தானே தேய்த்தார், நான் டிவிடியை உடைத்தேன்.

என் விரலை வைத்துப் பார்த்தேன். ரேகை வரப்பு வரப்பாக, வரப்பின் மேல் வியர்வைத் துளை. அம்மா விரலில் வரப்பே இல்லை, கொழுந்துக் கறை ஏறின வெடிப்புதான்.

அவள் சீப்பில் ஒரு முடி இருந்தது. தட்டில் வைத்தேன். போனைத் திறக்காமலே எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 11
அப்பா மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் "இன்னும் இல்லப்பா."

பெப்ரவரி 12
கால் சுற்று திருகும்போது தங்கச்சி எடுத்தாள். முதலில் அழுதாள். அப்புறம்தான் பேசினாள்.

பெப்ரவரி 13
விடிய ஐந்து மணி பஸ். அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறார். பலகை கட்டிலுக்கடியில். லென்ஸை மட்டும் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பைக்குள் போட்டிருக்கிறேன்.