கங்கைகொண்ட சோழபுரத்தில் நிறைவேறிய வேண்டுதல்

மாளிகைமேட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊரில், அரண்மனையின் மிச்சம் என்று இருப்பது அந்தச் செங்கல் அடித்தளம்தான். எனக்குக் கதை கிடைத்தது அங்கேதான். அரண்மனைப் பணிப்பெண்கள் குடியிருந்த இடம் கல்வெட்டுகளில் வேளம் என்று வருகிறதே, அந்த வேளத்தில் தண்ணீர் சுமந்த ஒருத்தியை வைத்து நாவல் தொடங்கினேன்.

பாதியில் நின்றுபோனது. ராஜேந்திர சோழர் கங்கை நீரால் சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூணாக்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இவளைப் பற்றி ஓர் எழுத்துகூடக் கிடையாது. இல்லாத வாழ்க்கையை நானாக எழுதலாமா என்று பயம் வந்துவிட்டது. நாவல் முடிந்தால் அந்த ஊர்ச் சிவன் கோயிலின் அம்மன் பெரியநாயகிக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டார். சரி, முதலில் தரிசனம் செய்துவிட்டு வருவோம் என்று கிளம்பினோம்.

விடுமுறைக் கூட்டம். வாசலிலேயே ஒருவர் ஒட்டிக்கொண்டு, சுரங்கப்பாதை, புதையல் என்று அளந்துவிட்டுக் காசு கேட்டார். மனசு வலித்தது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கோயில் மதிலையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சொல்லி அழ அவ்வளவு உண்மை இருக்கும்போது பொய் எதற்கு?

உள்ளே தள்ளுமுள்ளு. ஆனால் 13 அடி உயர லிங்கமாக நிற்கும் பெருவுடையார் எவர் தலைக்கு மேலும் தெரிகிறார். கும்பிட்டுவிட்டு வடக்கு வாசல் பக்கம் வந்தோம். “இங்க வந்து பாரும்மா” என்றார் அம்மா.

சண்டேச அனுக்கிரகர் சிற்பம். மாடு மேய்த்த சிறுவனாக இருந்த அடியார் சண்டேசருக்கு ஈசன் அருளும் காட்சி. உமையோடு அமர்ந்த ஈசன், தன் கையாலேயே சண்டேசர் தலையில் மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். சண்டேசர் கைகூப்பிக் குனிந்திருக்கிறார். அவர் முகத்தில் ராஜேந்திரரையே காண்பவர்களும் உண்டு. இருக்கட்டும். என் கண்ணுக்குத் தெரிந்தது மாடு மேய்த்த பிள்ளை. கங்கைவரை படை அனுப்பிய அரசர் கட்டிய கோயிலில், ஈசனின் கை படுவது அந்தப் பிள்ளையின் தலையில். எவ்வளவு பதமாகச் சுற்றுகிறார்! அவசரமே இல்லை. படம் எடுக்க வேண்டும், நகருங்கள் என்று பின்னாலிருந்து சத்தம். என்னால் நகர முடியவில்லை. குடம் சுமந்து குனிந்த அவள் தலையையும் அந்தக் கை தொட்டிருக்கும் என்று தோன்றியதும் அழுகை பொங்கிவிட்டது. எழுது என்று அப்பன் சொல்லிவிட்டான் என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் எழுத்து நிற்கவே இல்லை. போன வெள்ளிக்கிழமை அரக்குப் பட்டோடு போனோம். புடவை சாத்தித் திரை விலக்கியதும் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. கையெழுத்துப் பிரதியைச் சண்டேசர் முன்னால் வைத்து எடுத்தேன். இந்தக் கோயிலைப் பாடிய கருவூர்த்தேவரின் திருவிசைப்பா கேட்ட செவி, என் உரைநடைக்கும் இரங்கியதே! அப்பனே பெருவுடையாரே, தாயே பெரியநாயகி, ஊரே மறந்துபோனவளை நீங்கள் மறக்காமல் வைத்திருந்து என்னிடம் கொடுத்தீர்களே!