மஞ்சூர் வழியாக இறங்கும் சாலையும் அதன் தண்ணீரும்

உதகையிலிருந்து சமவெளிக்கு இறங்குவதென்றால் பெரும்பாலோர் குன்னூர் மலைப்பாதையையோ கோத்தகிரிப் பாதையையோதான் நினைக்கிறார்கள். மஞ்சூர், கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடையில் போய்ச் சேரும் மூன்றாவது சாலை ஒன்று இருக்கிறது என்பது, மலையிலேயே வாழ்கிறவர்களில் பலருக்கும் பேருந்து நிலையத்தில் பெயர்ப்பலகையைப் படித்துத் தெரிந்துகொண்ட செய்தியாகவே நின்றுவிடுகிறது. காட்சிக்காக இந்தச் சாலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகளையும் யானைகளையும் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. இந்தச் சாலை நெடுகிலும் கூடவே இறங்கும் தண்ணீரைக் கவனிக்காமல் ஓட்டினால், பார்த்ததில் பாதி நமக்குப் புரியாமலே போய்விடும்.

இதை எனக்கு உறைக்க வைத்தவர் என் மாமனார். திருவாரூர்ப் பக்கத்து விவசாயியான அவர், சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கிவிட்டுத் திரும்பும்போது, ரயிலேற்றிவிடுவதற்காக அவரை இந்த வழியாகக் கோவைக்கு அழைத்துச் சென்றேன்.

உதகையை விட்டதும் முத்தோரை பாலாடா வருகிறது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் பழங்குடியினர் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கின்றன. கேரட், பீட்ரூட், பூண்டு, உருளைக்கிழங்கு என்று பள்ளத்தாக்கு முழுவதும் காய்கறித் தோட்டங்களாக இருப்பதைப் பார்த்து மாமா வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். மண்வெட்டியோடு வாழ்ந்த கண்ணுக்குப் பூவோ மேகமோ முதலில் படுவதில்லை. பாத்திகள் சரிவுக்குக் குறுக்காக இல்லாமல் பல இடங்களில் மேலிருந்து கீழாக இறங்கியிருந்ததுதான் அவருக்குப் பட்டது. இப்படிப் போட்டால் மழையில் மண் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்பதுதான் விடை. அந்த மண் எங்கே போகிறது என்பதைச் சற்றுக் கீழே அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் பேசாமல் ஓட்டினேன்.

பாலகொலாவைக் கடந்து தேயிலைச் சரிவுகளுக்குள் இறங்கினால் குந்தா பாலம். இதற்கு மேற்கே, மலையின் உச்சிப் பகுதியில், அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு, போர்த்திமந்து ஆகிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும் பகுதி அது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பதிவானது. தமிழகத்தின் பல ஊர்களுக்கு அது ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை. அங்கே தேங்கும் தண்ணீரைச் சுரங்கங்களின் வழியாகவும் ராட்சதக் குழாய்களின் வழியாகவும் கீழே கொண்டுவந்து மின்சாரம் எடுப்பதே குந்தா நீர்மின் திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு 1950களில் தொடங்கப்பட்டு, 1960இல் உற்பத்திக்கு வந்த திட்டம் இது.

இதன் அமைப்பைத் தெரிந்துகொண்டு ஓட்டுவதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது. அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளின் தண்ணீர் குந்தாவிலுள்ள முதல் மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் குந்தா அணையில் விழுகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கெத்தைக்குப் போய் இரண்டாவது மின் நிலையத்தையும், அதற்கும் கீழே பரளியில் மூன்றாவதையும், பில்லூர் அணையில் நான்காவதையும் சுழற்றுகிறது. ஒரே தண்ணீர் நான்கு முறை வேலை செய்துவிட்டுத்தான் சமவெளிக்குப் போகிறது. இப்போது போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் இடையே, தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றித் தேவை மிகுந்த நேரத்தில் இறக்கும் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டப் பணிகளும் நடந்துவருகின்றன.

குந்தா அணையில் தண்ணீரைவிடச் சேறுதான் மாமாவின் கண்ணில் பட்டது. பாலாடாவில் பார்த்த மண்ணின் வகையறாதான் இங்கே வந்து படிகிறது. குந்தாவும் பில்லூரும் இப்படிப் படிந்த மண்ணால் கொள்ளளவை இழந்துவருவது வெகுகாலமாகப் பேசப்படும் பிரச்சினை. காவிரி டெல்டாவே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உண்டான நிலம் என்பதால், மாமாவுக்கு அந்தச் சேற்றைப் பார்த்து எரிச்சலைவிட ஏக்கமே அதிகம் வந்தது என்று நினைக்கிறேன். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு வயலுக்கு வரும் வண்டல் குறைந்துபோனதைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னவர், சற்றுக் கழித்துத்தான் உண்மையில் கேட்க நினைத்ததைக் கேட்டார்:

“இந்தத் தண்ணி எங்க பக்கம் வருமா, மாப்பிள்ளை?”

நேராக ஆம் என்று சொல்லிவிட முடியாத கேள்வி. குந்தா ஆறு பவானியில் கலக்கிறது. நீலகிரியில் பிறக்கும் பவானி, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், மீண்டும் தமிழகத்துக்குள் திரும்பி, பில்லூரைக் கடந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகருக்குச் செல்கிறது. 1955இல் முடிக்கப்பட்ட அந்த அணையை நம்பிக் கீழ்பவானிக் கால்வாயில் மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம் நடக்கிறது. அதைத் தவிரக் கொடிவேரி அணைக்கட்டும், 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலும் இருக்கின்றன. இத்தனை பேர் எடுத்தது போக மிஞ்சுவதுதான் கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. அந்தக் கூடுதுறையும் மேட்டூருக்குக் கீழே இருப்பதால், டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஆம் தேதிக்காக மாமா ஆண்டுதோறும் பார்க்கும் மேட்டூர் நீர்மட்டத்தில் எங்கள் மலைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. வெள்ளக் காலத்தில் வரும் என்றேன். வெள்ளக் காலத்தில் எல்லாத் தண்ணீரும்தான் வரும் என்று அவர் சிரித்தார்.

மஞ்சூரில் தேநீர் குடித்துவிட்டு, எரிபொருளையும் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு காடு. நேரமிருந்தால் அன்னமலை முருகன் கோவிலுக்கோ கிண்ணக்கொரைக்கோ போய்வரலாம். எங்களுக்கு ரயில் இருந்தது.

மஞ்சூரின் உயரம் 6,000 அடிக்கு மேல். அங்கிருந்து வளைவுக்கு வளைவு காற்று மாறுகிறது. தேயிலையும் சில்வர் ஓக் மரங்களும் விலகி, பிறகு மூங்கிலும் முட்புதரும் வந்து, சட்டையின் மேல் போட்டிருந்த ஸ்வெட்டர் தானாகக் கழன்று பின்சீட்டுக்குப் போகிறது. கெத்தையை நெருங்கும்போது எதிர்ச்சரிவில் வெள்ளிக் கோடுகளாகக் குழாய்கள் செங்குத்தாக இறங்குவதைப் பார்க்கலாம். காட்டின் நடுவே இரும்பைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களும் உண்டு; எனக்கு அவை பிடிக்கும், ஏனென்றால் மலையின் உயரம் என்பது என்ன என்பதை எந்தக் காட்சிமுனையைவிடவும் அந்தக் குழாய்கள் தெளிவாகக் காட்டுகின்றன. சாலையை ஒட்டி நின்று பார்க்கலாமே தவிர, மின் வாரியத்தின் வளாகங்களுக்குள் அனுமதி இல்லை.

ஓட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் சக்கரம் புகைய ஆரம்பிக்கும். ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. எதிரே பேருந்து வந்தால் அகலமான இடத்தில் முன்கூட்டியே ஒதுங்கிவிடுங்கள். யானை நின்றால் ஒலிப்பானை அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், இடைவெளி விட்டுக் காத்திருங்கள். இந்தத் தடத்தில் அரசுப் பேருந்துகளே அப்படித்தான் காத்திருந்து போகின்றன. அந்த ஓட்டுநர்களின் பொறுமைக்கு நான் ரசிகன். வனத்துறையின் சோதனைச் சாவடிகள் இருப்பதால் காலையிலேயே இறங்கத் தொடங்குவது நல்லது. மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே பில்லூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், பரளிக்காட்டில், இருளர் மக்களைக் கொண்டு வனத்துறை நடத்தும் பரிசல் பயணம் உண்டு. வெள்ளியங்காட்டில் பில்லூர்த் தண்ணீரைச் சுத்திகரித்துக் கோவைக்கு அனுப்புகிறார்கள். அதாவது மாமாவுக்கு எட்டாத தண்ணீர், அவர் ரயிலேறப் போகும் ஊரில் குழாயைத் திறந்தால் வருகிறது. இதைச் சொன்னபோது, அப்படியானால் ரயில் நிலையத்தில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போகிறேன் என்றார்.

பாக்கு, வாழை, கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை காரமடையில் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. வலப்பக்கம் கோவை. நேரம் இருப்பவர்கள் இடப்பக்கம் திரும்பி, மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாகப் பவானிசாகர் வரைக்கும் போய், மாயாறும் வந்து சேரும் அந்த நீர்ப்பரப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.