ஓடுகலம் கரையும் விளக்கு

‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லில் உள்ள ‘கரை’யைக் கடற்கரை என்றே நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். கரைதல் என்றால் அழைத்தல் என்பதும், காகம் கரைவதைப் போல விளக்கு கலத்தைக் கரைந்து அழைக்கிறது என்பதும், பெரும்பாணாற்றுப்படையை உரையுடன் படித்தபோதுதான் விளங்கின. வானத்துக்கு முட்டுக்கொடுத்தாற்போல் உயர்ந்து, ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய உச்சியைக் கொண்டு, கூரை வேயாமல் நின்ற மாடத்தில் இரவில் ஏற்றிய தீ ‘ஓடுகலம் கரையும்’ என்கிறது அப்பாட்டு. அந்த விளக்கு எரிந்த துறைமுகமான நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

அந்த ‘வேயா மாடம்’ என்ற தொடரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்ற மாசியில் மாமல்லபுரத்துக் குன்றில் ஏறினேன். மகிடாசுரமர்த்தினி குகையின் தலைமேல், பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்ததாகச் சொல்லப்படும் ஒலக்கணேசுவரர் கோயில் நிற்கிறது. விமானத்தின் மேற்பகுதி போய்விட்டதால், கோயில் மொட்டை மாடி போட்ட வீடாகத் தெரிகிறது. 1887இல் ஆங்கிலேயர் இந்த மாடியில்தான் கப்பல்களுக்கான விளக்கை ஏற்றினார்கள். அவர்கள் சங்கப் பாட்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. குன்றும் அதன்மேல் ஒரு கட்டடமும் இலவசமாகக் கிடைத்தன, அவ்வளவுதான்.

விளக்குக்கு உயரம் ஏன் வேண்டும் என்றால், பூமி உருண்டையாக இருப்பதால்தான். கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கு, எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், நீர்மட்டத்தில் கண் வைத்துப் பார்ப்பவருக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு அப்பால் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். எனவே குன்று கிடைத்த இடத்தில் கோபுரச் செலவு மிச்சம்.

யோசித்துப் பார்த்தால், நம் கடற்கரையில் இந்த விளக்கு பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம்தான் நடத்தியிருக்கிறது. சென்னையில் 1796இல் கோட்டைக்குள் படை அதிகாரிகள் கூடும் கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1844இல் தனக்கென்று ஒரு கருங்கல் தூணைப் பெற்றது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1894இல், பக்கத்திலேயே எழுந்த உயர் நீதிமன்றத்தின் கோபுரத்தில் குடியேறியது. மெரினாவில் இன்றுள்ள சிவப்பு வெள்ளைக் கோபுரத்துக்கு வந்தது 1977இல். அங்கே மின்தூக்கி உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லதுதான் என்றாலும், எனக்கு அது ஏதோ அலுவலகத்துக்குப் போய்வந்த உணர்வையே தந்தது.

மாமல்லபுரத்தில் 1904இல் கோயிலுக்கு அருகிலேயே எழுப்பிய வட்டக் கல்கோபுரம் அப்படியன்று. சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் படிகள் மேலே போகப் போக ஒடுங்கி, எதிரில் ஒருவர் இறங்கினால் வயிற்றை எக்கிச் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய நிலைக்கு வந்துவிடுகின்றன. உச்சியை அடைந்தபோது, ஏறுதற்கரிய உச்சியைப் பாட்டு சொல்லும் ‘ஏற்றருஞ் சென்னி’ என்ற தொடருக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை. அங்கிருந்து குனிந்து பார்த்தால் ஒலக்கணேசுவரரின் மாடி உள்ளங்கை அகலத்தில் கிடக்கிறது. அதற்கு அப்பால் கடற்கோயில், அதற்கும் அப்பால் வெயிலில் ஈயமாய் மினுங்கும் கடல்.

பொழுது சாய்ந்தபின் கடற்கரைக்கு வந்து, விளக்கின் ஒளி வந்து போகும் இடைவெளியை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்தனி மின்னல் கணக்கு உண்டு. அதைக் கொண்டே மாலுமி இது எந்த ஊர் என்று அறிவார். அருகில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கப்பலைக் கூப்பிடுவதால்தான் இதற்கு இந்தப் பெயர் என்று, படித்த மிதப்பில் விளக்கினேன்.

“கூப்பிடுதா?” என்று சிரித்தார். “கரைகிட்ட பாறை கிடக்கு, எட்டிப் போன்னுல்ல சார் சொல்லுது!”