ஒரு டிரம், ஐந்து மிளகாய்ச் செடி

மே 25

நீல டிரம்மைக் குறுக்கே அறுத்தாயிற்று. ஒரு பாதி மாட்டுத் தண்ணீருக்கு, மறுபாதி எனக்கு. வாய் அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் எட்டு ஓட்டை போட்டேன். கேரளத்தில் கரிசல்மண் என்றால் எங்கள் சித்தூர் தாலுகாப் பக்கம்தான். வயலுக்கு அருமையான மண், டிரம்முக்கு ஆகாது. காய்ந்தால் கல், நனைந்தால் களி. அதனால் மண், மக்கிய சாணி எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. மேலே இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு.

மே 28

ஐந்து நாற்று நட்டேன். கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) வாங்கிய உஜ்வலா இரண்டு, தங்கை கொடுத்த விதையில் முளைத்த குண்டு மிளகாய் இரண்டு, பக்கத்து வீட்டுச் சேச்சி தந்த காந்தாரி, அதாவது காரமான சின்ன மிளகாய், ஒன்று. உஜ்வலா கேரள வேளாண் பல்கலைக்கழக ரகம். கொத்துக் கொத்தாக வானம் பார்த்துக் காய்க்கும், வாடல் நோயைத் தாங்கும்.

வயலில் செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுவார்கள். அந்தக் கணக்குக்கு இங்கே இரண்டு செடிக்கு மேல் இடமில்லை. தெரிந்தேதான் நட்டேன். நாற்றைத் தூக்கி எறிய மனசு வரவில்லை.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பாயில அஞ்சு பேரைப் படுக்க வெச்சிருக்கியே, அம்மிணி" என்றார்.

ஜூன் 22

இலை சுருட்டல். மேல்பக்கமாகக் குவிந்து சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாக வளைந்தால் சிலந்திப்பேன். எனக்கு வந்தது முதலாவது. ஒரு செடியில் தொடங்கி நான்கே நாளில் ஐந்துக்கும் போய்விட்டது. இலையோடு இலை உரசி நிற்கும்போது அதற்கு என்ன சிரமம்! லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடியில் படும்படி அடித்தேன்.

ஜூலை 21

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மேற்கிலிருந்து வருகிற காற்றெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. மாட்டுக் கொட்டகைத் தகரம் பறந்தது.

தனியாகப் பையில் வைத்திருந்த மிளகாய்ச் செடி குச்சி கட்டியும் இடுப்பொடிந்து விழுந்தது. டிரம்மில் இருக்கிற ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சிக்கிக்கொண்டு, அப்படியே நிற்கின்றன. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காய்க்கட்டும் பார்க்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 9

அவர் சொன்னது சரிதான். பூ வருகிறது, பெரும்பாலும் உதிர்கிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியம் இல்லை, இலை தொங்கிப்போகிறது. இத்தனை வேருக்கு இந்த மண் போதாது. இரண்டு குண்டுச் செடியையும் எடுத்துவிட முடிவு.

முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். முட்டாள்தனம். உள்ளே வேரெல்லாம் பின்னிக் கிடக்கிறது. பக்கத்திலிருந்த காந்தாரியும் மண்ணோடு தூக்கிக்கொண்டு வந்தது. அப்படியே அமுக்கி, தண்ணீர் விட்டு, சாக்கு கட்டி நிழல் கொடுத்தேன். இரண்டாவது செடியைத் தொடாமல், மண் மட்டத்தில் அரிவாளால் அறுத்தேன். வேர் உள்ளேயே மக்கிக்கொள்ளும். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆகஸ்ட் 13

காந்தாரி தலை நிமிர்ந்தது. உஜ்வலாவில் பூ நிற்கிறது.

செப்டம்பர் 14

உஜ்வலா இரண்டும் வாரத்துக்கு இரண்டு தடவை பறிக்கிற அளவுக்குக் காய்க்கின்றன. ஒரு நாள் ரசத்துக்கும் ஒரு நாள் துவையலுக்கும் சரியாகிறது.

அறுத்த செடியில் பழுத்திருந்த குண்டு மிளகாயை விதைக்குத் தரச் சொல்லித் தங்கை போன் செய்தாள். வேண்டாம் என்றேன். மூன்று ரகமும் ஒரே டிரம்மில் பூத்திருக்கின்றன, தேனீ எதை எதோடு சேர்த்ததோ. காய் குண்டாகத்தான் இருக்கும், அதன் விதையில் வருவது என்னவாக இருக்குமோ.

அக்டோபர் 5

காந்தாரி முதல் பறிப்பு, ஒரு கைப்பிடி. அத்தை இரண்டை நசுக்கி மோரில் போட்டுக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததை ஒத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சேச்சி இன்னொரு காந்தாரி நாற்றோடு வந்தார். வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பாய் என்று அத்தை கேட்கவில்லை. டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.