அப்பாவின் முழங்காலும் ஒரு இழப்பீட்டு வழக்கும்

2022 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், அப்பா துவாக்குடியில் டைல்ஸ் வேலை முடித்துவிட்டு எக்ஸெல் வண்டியில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த லோடு வேன் இடித்துத் தள்ளியது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. இடது முழங்கால் மூட்டுக்குள்ளேயே எலும்பு உடைந்துவிட்டது. ரோட்டில் போன யாரோ ஒரு புண்ணியவான் 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரி வரை கூடவே வந்திருக்கிறார். அவரை இன்று வரை நாங்கள் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்த மூன்றாம் நாளே, வார்டுக்கு வெளியே ஒருவர் பேப்பரோடு வந்து நின்றார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, கேஸை நாங்க பார்த்துக்கறோம், வர்றதுல பாதிப் பாதி" என்றார். அம்மா பேனாவை வாங்கிவிட்டாள். நான் பிடுங்கி வைத்தேன். அது வெற்று வக்காலத்து, அதாவது நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு உரிமை தரும் தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது, எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் மாமாவுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம். விபத்து வழக்குகளிலேயே முப்பது வருஷம் இருப்பவர். வழக்கில் ஜெயிக்கும் பணத்தில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டு, பீஸ் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். தவணையாக வாங்கிக்கொண்டார். அடுத்து அவர் கேட்டது எஃப்.ஐ.ஆர். இல்லை, ஏ.ஆர். காப்பி. அதாவது, ஆஸ்பத்திரியில் அனுமதித்தவுடன் விபத்துப் பதிவேட்டில் எழுதும் தாள். நாங்கள் அதைப் படித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதில் 'வண்டி சறுக்கிக் கீழே விழுந்தவர்' என்று இருந்தது. வேன் என்ற பேச்சே இல்லை.

"இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க இதைத்தான் முதல்ல எடுப்பாங்க" என்றார். ஆனால் பயப்படவில்லை. வேனின் முன்பக்கச் சேதத்தைக் குறித்திருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, போலீஸ் குற்றப்பத்திரிகை, டிரைவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தப்பை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிய நகல் என்று ஒவ்வொன்றாக வாங்கிவரச் சொன்னார். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் மாறியிருந்தது. ஜனவரியில் திருச்சி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம்.

இடையில் வேன் ஓனர் வீட்டுக்கே வந்து அழுதார். அவரும் கடனில் வண்டி ஓட்டுகிறவர். எங்களுக்கே சங்கடமாகிவிட்டது. வக்கீல் அம்மாவிடம் சொன்னபோது, "அவர் பேர் எதிர்மனுதாரர்னு இருக்கும், ஆனா கட்டப்போறது கம்பெனி. டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கு, பாலிசி உயிரோட இருக்கு. இதுக்குத்தானேம்மா அவர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறார்? போய் அவருக்குத் தைரியம் சொல்லு" என்றார். இன்சூரன்ஸ் பணம் வாங்குவதை அடுத்தவன் வயிற்றில் அடிப்பதாக நினைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. எனக்கும் இருந்தது.

மருத்துவ வாரியம் 35 சதவீத ஊனம் என்று சான்று தந்தது. சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் கம்பெனி 5 லட்சம் தருவதாகச் சொன்னது. வீட்டில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது, அம்மா வாங்கிவிடலாம் என்றாள். வக்கீல் அம்மா தடுக்கவில்லை. "அவசரம்னா வாங்கிக்கங்க, தப்பில்ல. ஆனா கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். கம்பெனி சொல்வது சதவீதக் கணக்கு. ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் 35க்கு 1,75,000. அதோடு வைத்தியச் செலவும் கொஞ்சம் மற்றதும் சேர்த்து அந்த 5 லட்சம். இன்னொரு கணக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்ப்பது. உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் வழக்கில் சொன்னது இதைத்தான்: டாக்டர் தரும் சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்படும் நஷ்டம் வேறு. உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு இந்த முழங்கால் 10 சதவீதம்கூட நஷ்டமில்லாமல் இருக்கலாம். டைல்ஸ் ஒட்டுபவருக்கு?

நாங்கள் காத்திருப்பதென்று முடிவு செய்தோம்.

சாட்சி சொன்ன நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கம்பெனி வக்கீல், "பஸ்லதானே வந்தீங்க? நடக்கிறீங்கல்ல? அப்ப வேலை பார்க்கலாமே?" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, டைல்ஸை நின்னுக்கிட்டு ஒட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்காரப் போனார். வலது கால் மடங்கியது. இடது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. கால் முன்னால் நீட்டிக்கொண்டு, உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. "போதும், எந்திரிங்க" என்றார் நீதிபதி. நான் போய்த் தூக்கிவிட்டேன். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு ஏது? மேஸ்திரி கையெழுத்துப் போட்ட சதுரடிக் கணக்கு நோட்டு ஒன்றுதான் இருந்தது. மேஸ்திரியே வந்து சாட்சியும் சொன்னார். மாதம் 25,000 கேட்டோம். கோர்ட் 15,000தான் ஏற்றது. அது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

2025இல் தீர்ப்பு வந்தது. 15,000த்தோடு எதிர்கால வருமான உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 18,750. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், 43 வயசுக்கு எத்தனை வருஷ வருமானம் என்று சொல்லும் பெருக்கல் எண் 14. பெருக்கினால் 31,50,000. வேலைத்திறன் இழப்பை 50 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 15,75,000. வைத்தியச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்தவர் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 18,91,000. மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி தனி. சறுக்கி விழுந்தார் என்ற வாதத்தை, டிரைவர் கட்டிய அபராதத்தைக் காட்டித் தள்ளிவிட்டார்கள்.

அப்பீலுக்கு இருக்கும் 90 நாளும் தூக்கமில்லை. கம்பெனி போகவில்லை. பணத்தை டெபாசிட் செய்தார்கள், நாங்கள் மனுப் போட்டு அப்பாவின் வங்கிக் கணக்குக்கு வாங்கினோம்.

போன மாதம் அப்பாவோடு வேலை பார்த்த சித்தாள் அக்கா ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரரை கார் இடித்துவிட்டது, கேஷுவாலிட்டியில் இருக்கிறார்கள். "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். உயிருக்குப் பயமில்லை என்றாள். "சரிக்கா, அங்க நோட்டுல எழுதிட்டாங்களா? எழுதுறவங்ககிட்ட கார் இடிச்சுதுன்னு சொல்லு. நம்பர் தெரிஞ்சா அதையும் சொல்லு. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேளு" என்றேன். அவள் போனைக் கட் பண்ணாமலே ஓடினாள்.